சும்மா ஒரு பொன்முடி

பொன்முடியில் எனக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. சர்க்கார் காரியம் இல்லை, நேர்ச்சை இல்லை, தேயிலை எஸ்டேட்டில் பங்கு இல்லை. மலையேற்றம், புகைப்படம் என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளும்படியான பொழுதுபோக்கும் கிடையாது. இருந்தும் தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவ்வப்போது ஒரு நாள் காலையில் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பொன்முடி வண்டிக்காக நின்றுகொண்டிருக்கிறேன். மலைமேல் போனால் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். ஒரு டீ, ஒரு ஆம்லெட். அதே வண்டியில், முடிந்தால் அதே சீட்டில், இறங்கி வந்துவிடுவேன்.

வீட்டில் சொன்னால் யாரும் அடிக்கப் போவதில்லை. கணவர் சாது. மகள் மெல்பர்னில். எனக்கென்று பென்ஷன் வருகிறது. ஆனாலும் அறுபது தாண்டிய ஒருத்தி காலையில் குளித்து, சேலை மாற்றி, தண்ணீர் பாட்டிலோடு படியிறங்கும்போது "எங்க?" என்று ஒரு கேள்வி வரும். அதைச் சமாளித்துவிடலாம். அடுத்து வருகிற "எதுக்கு?"தான் ஆளைச் சாய்க்கும். அதற்குப் பதில் இல்லாததால் "சாலைக்கு" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

திருவனந்தபுரத்தில் சாலை என்றால் சாலைக் கடைத்தெரு. கிழக்கேகோட்டைப் பக்கம் தொடங்கி நீளும், தமிழும் மலையாளமும் கலந்து பேரம் பேசும் தெரு. ஆ. மாதவன் அங்கே கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவின் சுமட்டுக்காரர்களையும் உருப்படாதவர்களையும் கதைகளாக எழுதினார், 2021-இல் காலமானார். சாலைக்குப் போனேன் என்று சொன்னவள் வெறுங்கையோடு திரும்ப முடியாது. ஆகவே மலையிலிருந்து வந்ததும் தம்பானூரிலிருந்து சாலை வரை நடந்துபோய், சாட்சிக்கு எதையாவது வாங்குவேன். எடை குறைவாக, கெட்டுப் போகாததாக, விலையைச் சொன்னால் நம்பும்படியாக இருக்கவேண்டும். கிராம்பு இந்த மூன்றுக்கும் பொருந்தும். எங்கள் அடுக்களை அலமாரியில் இப்போது இரண்டு தலைமுறைக்குப் போதுமான கிராம்பு இருக்கிறது. வீட்டில் யாருக்கும் பல்வலியும் இல்லை.

எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் வேலைக்குச் சோலி என்று பெயர். சோலியில்லாமல் திரிகிறவனை ஊர் மன்னிக்காது; திரிகிறவளை நினைத்தே பார்க்காது. வடசேரியில் எங்கள் வீட்டு நடையைத் தாண்டச் செல்லுபடியான காரணங்கள் என்றால் கோயில், ஆஸ்பத்திரி, பிறகு கல்யாணமும் சாவும். குற்றாலத்துக்குப் போனவர்கள்கூட "மூலிகைத் தண்ணி, ஒடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டுதான் போனார்கள். அருவியில் நின்றால் சுகமாக இருக்கும் என்று எங்கள் தெருவில் ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை.

அம்மா ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். எழுபதுகளில் ஒவ்வொரு வருஷமும், பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு விட்டதும், அவளுக்குக் கண் மங்கும். நாகர்கோவிலில் கண் டாக்டர் இல்லாமல் இல்லை. ஆனால் திருவனந்தபுரம் கண்ணாஸ்பத்திரியில் காட்டினால்தான் திருப்தி. துணைக்கு நான். அப்பா முனகிக்கொண்டே பணம் எடுத்துக் கொடுப்பார். விடியற்காலை பஸ்ஸில் கிளம்பி, சீட்டெழுதி, பெஞ்சில் காத்திருந்து, டாக்டர் விளக்கடித்துப் பார்த்து "ஒண்ணுமில்லை" என்று அனுப்ப முற்பகல் ஆகிவிடும். அதற்குப் பிறகு அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். நேரே மிருகசாலை.

1857-இல் தொடங்கிய மிருகசாலை அது. பெரிய பெரிய மரங்கள், நல்ல நிழல். புலி, சிங்கம் எதிலும் அம்மாவுக்குச் சிரத்தை இல்லை. நீர்யானை கிடக்கும் குட்டைக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள். அது பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேதான். காதும் மூக்கும் மட்டும் வெளியே. எப்போதாவது வாயைப் பிளக்கும். பிளந்தால் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "சவம், அதுக்கு ஒரு சோலியும் இல்ல பாத்தியா மக்ளே" என்றாள் ஒருமுறை. அது குறையா, பாராட்டா, பொறாமையா என்று எனக்கு விளங்கவில்லை. மர நிழலில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டு, மறுபடியும் ஒரு தடவை நீர்யானையைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்பார் அப்பா.

"சொட்டு மருந்து எழுதிருக்காரு."

மருந்துப் பாட்டில் சாட்சி. அம்மா செத்தபிறகு அவள் பெட்டியை ஒழித்தபோது மூடி திருகாத சொட்டு மருந்துப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. நான் கிராம்பு சேர்க்கிறேன்.

அவளிடம் பொன்முடி என்ற பெயரை நான் முதல்முதலில் சொன்னபோது, "அது நரசிம்மபாரதி படம்லா?" என்றாள். பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைத் தழுவி மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்து, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி, 1950-இல் வந்த படம். நரசிம்மபாரதியும் மாதுரி தேவியும் காதலித்த விதம் அந்தக் காலத்துக்குக் கொஞ்சம் அதிகம் என்று பேச்சு. "எங்கள ஆரும் விடல்ல" என்றாள். பார்க்க விடாத படத்தின் கதை முழுவதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

இனி வண்டிக்கு வருகிறேன். கேரள அரசின் சாதா பஸ். முத்திரையில் இரட்டை யானை இருப்பதால் ஊரார் வைத்த பெயர் ஆனவண்டி. 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்த திருவிதாங்கூர் அரசு மோட்டார் சர்வீஸின் வாரிசு இது. அதை நடத்துவதற்கென்றே லண்டன் பஸ் நிர்வாகத்திலிருந்து சால்ட்டர் என்ற துரையை வரவழைத்தார்கள். முதல் வண்டியைச் சால்ட்டரே ஓட்டினார். முதல் பயணிகள் மகாராஜாவும் அவர் குடும்பத்தாரும். போனது கவடியார் வரைக்கும். கார்கள் நிற்கிற அரண்மனைக்காரர்களுக்குப் பஸ்ஸில் போக என்ன அவசியம்? ஏறிப் பார்க்க ஏறினார்கள். ஆக இந்த வண்டியின் முதல் ஓட்டமே சோலியில்லாத ஓட்டம்தான். நாகர்கோவிலும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதால், ஆனவண்டியில் எனக்கும் ஒரு பாரம்பரிய பாத்தியதை உண்டு என்று வைத்திருக்கிறேன்.

கேரளத்தில் ஆனவண்டிப் பித்துப் பிடித்தவர்கள் ஒரு தனிக் கூட்டம். பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். கே.எல். 15 என்ற பதிவு வரிசை இந்த வண்டிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது என்பதில் தொடங்கி, நெற்றியில் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் வைத்து வண்டியின் ஜாதகத்தையே சொல்லுவார்கள். டிப்போ வாசலில் நின்று படம் பிடிப்பார்கள். எனக்கு அவ்வளவு படிப்பில்லை. 2021-இல் போக்குவரத்துக் கழகமே பட்ஜெட் டூரிசம் என்று தொடங்கி, கவிக்கும் மூணாறுக்கும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு, எங்கள் குடியிருப்பில் எல்லோரும் கூட்டமாகப் போய்வந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். போனேன், பிடிக்கவில்லை. இடத்துக்கு இடம் இறக்கிவிட்டு "பாருங்கள்" என்றார்கள். எனக்குப் பார்க்க வேண்டாம். உட்கார்ந்திருக்க வேண்டும்.

உட்கார வேண்டிய இடம்கூட எனக்குத் திட்டமாக உண்டு. இடப்பக்கம், முன்னால், டிரைவரின் இடது கையும் கியர்க் கம்பும் தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல். அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் பின்னாலேயே நின்று அவர் எங்கே இறங்குவார் என்று முகத்தைப் பார்த்துக் கணிப்பேன். கையில் பைல் இருந்தால் நெடுமங்காடு. கோர்ட்டோ தாலுக்கா ஆபீஸோ. சீருடை போட்ட பிள்ளைகள் இடையிலேயே இறங்கிவிடுவார்கள். முதுகுப்பை போட்ட பையன் என்றால் நம்பிக்கை வைக்க வேண்டாம், மலை உச்சிவரை வருவான்.

"எவிடா அம்மா?" என்பார் கண்டக்டர்.

"பொன்முடி."

"ரிட்டர்ன் இதில் தன்னெ, இல்லே?" இந்தத் தடத்து கண்டக்டர்களுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. ஆரம்பத்தில் ஒருவர் எனக்கு மேலே ஏதோ எஸ்டேட்டில் மகன் வேலை பார்க்கிறான் என்று நினைத்திருந்தார். நானும் திருத்தவில்லை.

ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரம். நெடுமங்காடு வரைக்கும் பஸ் பஸ்ஸாகவே இருக்கும்: நெரிசல், வியர்வை, மீன்கூடை, சில்லறைத் தகராறு. சுள்ளிமானூர், தொளிக்கோடு என்று ரப்பர் மரங்களுக்கு இடையே போகப் போகக் காற்றின் வாடை மாறும். விதுராவில் பாதி வண்டி காலி. பிறகு உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஓடும் கல்லாறு. பாலம் தாண்டி வனத்துறைச் செக்போஸ்ட்டும் கழிந்தபிறகுதான் நான் வந்த காரியம் தொடங்கும். 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை.

வளைவுக்கு முன்னால் நீளமாக ஒரு ஹார்ன். மேலேயிருந்து பதில் ஹார்ன் வருகிறதா என்று ஒரு கணம் காது கொடுப்பார் டிரைவர். கியர் இறங்கும். தரையிலிருந்து ஓர் அதிர்வு கிளம்பி ஜன்னல் கம்பி வழியாகக் கைக்கு வரும். கைமேல் கைபோட்டு ஸ்டியரிங்கை வலிக்கும்போது அவர் முதுகு சீட்டைவிட்டு எழும்பும். வண்டியின் மூக்கு சாலையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். என் ஜன்னலுக்குக் கீழே மரங்களின் தலைகள் மட்டும்தான். அப்போது பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரிகிறது? எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. பின்பாதி மெதுவாகச் சுற்றி வந்து சேரும். அடுத்த பலகை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குறுகலான மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும், சட்டமே அப்படித்தான். ஊர் பார்க்க வரும் காரோட்டிகளில் பாதிப்பேருக்கு அது தெரியாது. வளைவின் நடுவில் முகத்துக்கு முகம் வந்து நின்றுவிட்டால் எங்கள் டிரைவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் கார், உள்ளே அம்மாவும் குழந்தைகளும் அலற, பின்னால் ஊர்ந்துபோகும். அந்த அரை நிமிஷத்தில் எனக்கு வருகிற சந்தோஷம் நல்ல மனுஷிக்கு வரக்கூடாதது.

மழை வந்தால் வேறு கதை. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மேலே சுருட்டிக் கட்டிய ஷட்டர்தான். முதல் துளி விழுந்ததும் படபடவென்று எல்லா ஷட்டரும் இறங்கும். வண்டிக்குள் பட்டப்பகலில் இருட்டு. ஈரத் துணி வாடையும் டீசல் வாடையும். நான் நாலு விரல் இடைவெளி விட்டு வைப்பேன். ரவிக்கைக் கை நனையும். பின்சீட்டிலிருந்து யாராவது "ஷட்டர் இடணே" என்று குரல் கொடுக்கும்வரை அது என் சொத்து.

2022 மழைக்காலத்தில் மலைச்சாலை இடிந்து மாதக்கணக்கில் போக்குவரத்து இல்லாமல் கிடந்தது. அப்போதுதான் இது எனக்கு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரிந்தது. ரோட்டுப்பணி எந்த மட்டில் இருக்கிறது என்று பேப்பரில் முதலில் தேடுவேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் விதுரா வரைக்கும் போய், சமோவர் வைத்த ஒரு கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். சமோவருக்குள் போட்டிருந்த நாணயம் கொதியில் கடகடத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கொதிக்கிறது என்று கடைக்காரருக்கு அதுதான் தகவல். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் ஓரளவு ஆறுதல்.

மேலே வண்டி போய் நிற்கும் பகுதிக்கு அப்பர் சானடோரியம் என்று பெயர். சுமார் 1,100 மீட்டர் உயரம். சானடோரியம் என்றால் நமக்குத் தாம்பரம்தான் நினைவு வரும். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. அங்கே நிஜமாகவே நோயும் இருந்தது, வைத்தியமும் இருந்தது. ஆனால் மலைவாசஸ்தலங்களின் கதையை எடுத்துப் பாருங்கள். ஊட்டியைச் சல்லிவன் துரை உடம்பு தேறும் இடமாகத்தான் கம்பெனியிடம் எடுத்துச் சொன்னார். நோயாளிச் சிப்பாய்கள் ஏறினார்கள். பின்னாலேயே சீமாட்டிகள், நடனம், வேட்டை நாய்கள். 1870 முதல் சென்னை கவர்னரின் ராஜாங்கமே கோடைக்கு அங்கே மூட்டை கட்டியது. அவருக்கு என்ன நோய்? கோடைக்கானலில் 1845-இல் பங்களா கட்டிய அமெரிக்க மிஷனரிகளுக்காவது, மதுரைச் சூட்டிலும் தொற்றுநோயிலும் குடும்பத்தாரைப் பறிகொடுத்த நியாயம் இருந்தது. மொத்தத்தில் வெள்ளைக்காரனுக்கும் குளிர்ந்த காற்றைச் சும்மா வாங்கிக்கொள்ளத் தைரியம் வரவில்லை. டாக்டர் சீட்டு வேண்டியிருந்தது. அம்மாவைப் போலத்தான்.

ஆம்லெட்டுக்கு வருவோம். எங்கள் வீடு சைவம். முட்டை வாசல் தாண்டி உள்ளே வந்ததில்லை, இன்றைக்கும் வருவதில்லை. மேலே ஒரு கடையில் சின்ன வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் பொடியாக அரிந்து, முட்டையோடு டம்ளரில் போட்டு ஸ்பூனால் அடிப்பார்கள். அந்தச் சத்தமே போதும். கல்லில் ஊற்றியதும் ஓரம் சுருண்டு பழுப்பாகும். மேலே கை நிறைய மிளகுத்தூள். மூடுபனி கடைக்குள் வந்து போய்க்கொண்டிருக்கும். சூடு ஆறுவதற்குள் தின்றுவிட வேண்டும் என்பதால் அதில் வெட்கப்பட நேரம் இருப்பதில்லை. வீட்டுக்குப் போகும்முன் சாலையில் வாங்கிய கிராம்பில் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வேன். அந்த வகையில் கிராம்பு முழுக்க வீண் என்று சொல்ல முடியாது.

பிறகு தவளை. இது சமீபத்துக் கிறுக்கு. 2005-இல் தவளை ஆராய்ச்சியாளர் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்துக்காரரான பொசுய்ட்டும் சேர்ந்து உலகுக்கு அறிமுகம் செய்த புதர்த்தவளைகளில் ஒன்றுக்குப் பொன்முடியின் பெயரையே வைத்தார்கள். பேப்பரில் பிஜுவைப் பற்றி வாசித்தபோது இது கண்ணில் பட்டது. அன்றிலிருந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு புல்மேட்டோரப் புதர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். இந்த வகைத் தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாதாம். முட்டைக்குள்ளேயே கை கால் முளைத்து, குட்டித் தவளையாகவே வெளியே வருமாம். குளம் குட்டை எதையும் நம்பாத பிழைப்பு. மழைமூட்டமான நாளில் பகலிலேயே 'டிக்... டிக்...' என்று கேட்கும். எந்த வகையின் குரல் அது என்று சொல்ல எனக்கு ஞானமில்லை. பார்த்ததும் இல்லை. செல்போனில் பதிந்துகொண்டு வந்து, இரவில் கணவர் தூங்கியபின் காதில் வைத்துக் கேட்பேன். "என்ன பாட்டு கேக்குத?" என்று ஒரு நாள் கேட்டார். "பக்திப் பாட்டு" என்றேன்.

பனி விலகினால் தென்கிழக்கே அகத்தியர்கூடம் தெரியும், 1,868 மீட்டர். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து நாம் பொதிகை என்று கும்பிடும் மலை. பொன்முடியிலிருந்து பார்க்கும்போது அதன் முதுகைப் பார்க்கிறோம். அதன் உச்சிக்குப் பெண்கள் போகக்கூடாது என்றிருந்தது. கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் ஏறினார். அந்த மலையின் பழங்குடிகளான காணி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்துப் போராடினார்கள். அந்தச் செய்தியை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துவீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றாள். 'எதுக்கு' 1,868 மீட்டர் வரை ஏறும் போலிருக்கிறது.

மகள் ஒரு நாள் மாட்டிவைத்தாள். மேலே நிற்கும்போது வீடியோ கால். பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன். பின்னால் பனி, புல்மேடு, தொப்பி போட்ட ஒரு கூட்டம்.

"அம்மா, எங்க இருக்க?"

சாலைக் கடைத்தெருவில் பனி மூடியிருக்கிறது என்று சொல்ல முடியாது. சொல்லிவிட்டேன். கோபிப்பாள், குறைந்தபட்சம் சிரிப்பாள் என்று பார்த்தால், அவள் குதித்தாள். "சூப்பர்மா! இதுதான் மீ-டைம். மெண்டல் ஹெல்த்துக்கு ரொம்ப நல்லது. பிரஷர் குறையும்." ஜப்பானில் காட்டுக்குள் நடப்பதையே குளியல் என்று சொல்கிறார்கள், 1982-இல் அவர்களுடைய வனத்துறையே தொடங்கிவைத்த இயக்கம் என்று அன்று இரவே வரிசையாகக் கட்டுரைகள் அனுப்பினாள். அடுத்த வாரம், "பிரஷர் பாத்தியா? கொறஞ்சிருக்கா?"

அம்மாவும் நானும் ஐம்பது வருஷமாகத் தேடித் தேடிச் சேர்த்த சாக்குகளையெல்லாம்விட உறுதியான ஒரு சாக்கை என் மகள் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. வைத்தியம் என்று ஒத்துக்கொண்டால் அளவு உண்டு, வேளை உண்டு, போகாத மாதத்துக்குக் கணக்குக் கேள்வி உண்டு. நிலைமை மோசமானால் யோகா மேட்டும் வாங்கி அனுப்புவாள். பிரஷர் குறைந்ததா என்று நான் பார்க்கவில்லை. கூடியிருந்தாலும் போவேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

கணவர் பக்கத்துச் சேதியையும் சொல்லாவிட்டால் இது ஒருதலையாகிவிடும். அவர் தென்காசிக்காரர், பாங்கில் இருந்தவர். கடன், சீட்டு, சூது மூன்றையும் வெறுப்பவர். தமிழ்நாடு 2003-இல் லாட்டரியைத் தடை செய்தபோது "நல்ல காரியம்" என்று ஊருக்கு லெட்டர் போட்டவர். கேரளத்தில் அப்படியில்லை. 1967-இல் அரசாங்கமே துறை ஏற்படுத்தி, அடுத்த வருஷம் குடியரசு தினத்தில் முதல் குலுக்கல் நடத்தி, நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம். முக்குக்கு முக்கு மேஜை போட்டுக் கலர் கலராகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு நாள் அமாவாசை என்றைக்கு என்று பார்க்கப் பாம்புப் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். உள்ளே மடியாமல் அடுக்கி வைத்த டிக்கெட்டுகள். அத்தனையும் காருண்யா. 2011-இல் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குப் பணம் திரட்டுவதற்கென்று தொடங்கிய லாட்டரி.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாட்டினால் சொல்வதற்கு மனிதர் தர்மத்தைத் தயாராக வைத்திருக்கிறார். அதிலும் ஆஸ்பத்திரி! 2023 ஓணம் பம்பரில் 25 கோடி திருப்பூர்ப் பக்கத்துக்காரர்கள் நாலு பேருக்கு விழுந்தது என்று செய்தி வந்த அன்று அவர் சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடக் கவனிக்கவில்லை. டிக்கெட்டுகளை இருந்தபடியே வைத்துப் பஞ்சாங்கத்தை மூடினேன். அவருக்கும் என் சாலையைப் பற்றிச் சந்தேகம் இல்லாமல் இருக்காது. இத்தனை கிராம்பை எந்த மனுஷன் நம்புவான்? கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தாம்பத்தியத்தில் இந்தக் 'கேட்காமல் விடுவது' கல்யாணமான புதிதில் எங்களுக்குத் தெரியாது.

போன தடவை இறங்கி வரும்போது கண்டக்டர் ஒரு புது ஆசையைக் கிளப்பிவிட்டார். விதுராவிலிருந்து பிரிந்து போணக்காட்டுக்கு ஒரு வண்டி போகிறது, அம்மா அதில் போனதில்லையா என்றார். மலைமேல் பழைய தேயிலை எஸ்டேட். நம் பக்கத்திலிருந்து ஒரு காலத்தில் கொழுந்து பறிக்கப் போனவர்களின் வழிவந்தவர்கள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். அகத்தியர்கூடத்துக்கு நடப்பவர்கள் புறப்படுவதும் அங்கிருந்துதான். ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களா இடிந்து நிற்கிறது. அதில் பேய் உண்டு என்று கதை கிளம்பி, பையன்கள் பைக்கில் படையெடுக்கிறார்கள். சாலை எப்படி என்று கேட்டேன். "சாலையோ?" என்று சிரித்தார். அதுபோதும்.

இந்த முறை எனக்கே ஒரு குறும்பு தோன்றியது. காலையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு படியிறங்கும்போது அவர் கேட்குமுன்னால் நானே சொன்னேன்.

"போணக்காட்டுக்குப் போறேன். பேய் பாக்க."

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பாத்தா ஒரு நம்பர் கேட்டுட்டு வா. கடைசி நாலு இலக்கம் போதும்."